4043-ஆ, 5356-ஆ? அலுமினியம் மிக் ஒயர் வாங்குவதற்கு முன்

நாமக்கல் பக்கம் லாரி பாடி பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இரும்புக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் சிஓடூ மெஷின் (கார்பன் டை ஆக்சைடு கேஸில் ஒயரைத் தானாகத் தள்ளி உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங் மெஷின்) ஒன்று கையில் இருக்கிறது. அதிலேயே அலுமினியமும் அடிக்க வேண்டும். கடைக்காரர் 4043 என்ற எண் கொண்ட ஒயரைக் கொடுத்து "எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்" என்கிறார். வீடியோக்களில் 5356 தான் பலம் என்கிறார்கள். டூல் பாக்ஸ், ஏணி, பக்கக் கதவு, எப்போதாவது உடைந்து வரும் கியர் பாக்ஸ் மூடி, இவைதான் வேலை. 4043 போட்டுப் பார்த்ததில் ஒயரைத் தள்ளும் ஃபீடருக்குள்ளேயே அது சுருண்டுகொள்கிறது, அடித்த இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுகிறது. "எந்த ஒயர்தான் நல்ல ஒயர்?" என்று முடித்திருக்கிறார்.

கேட்டது ஒயரைப் பற்றி என்றாலும் அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: இந்த உலோகத்துக்கு எந்த ஒயர் ஒத்துப்போகும், அந்த ஒயரை இந்த மெஷின் ஒழுங்காகத் தள்ளுமா. நல்ல ஒயர், மட்டமான ஒயர் என்ற பேச்சு அதற்கு அப்புறம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷீட், பிளேட், ஆங்கிள், சேனல், குழாய் என்று பாடி வேலைக்கு 5356, 1.2 மி.மீ. வார்ப்புகளுக்கு 4043. ஒயர் சுருண்டுகொள்வதில் 4043-இன் மென்மைக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு மெஷினின் அமைப்புக்கு. ஓட்டை விழுவதற்கும் ஒயரின் எண்ணுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. பட்டறையிலும், பிறகு வெல்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையிலும் இருந்தவன் என்ற முறையில் விவரமாக எழுதுகிறேன். ஒயர் தேர்வு அட்டவணையில் உள்ளது எது, என் பழக்கம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

4043 ஒயரில் 4.5 முதல் 6 சதவீதம் சிலிக்கான், மீதி கிட்டத்தட்ட முழுவதும் அலுமினியம். 5356-இல் 4.5 முதல் 5.5 சதவீதம் மெக்னீசியம், கூடவே கொஞ்சம் குரோமியம், மாங்கனீசு, டைட்டானியம். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் ஏ5.10 என்ற தரநிர்ணயத்தில் இருக்கும் எண்கள் இவை. ஒயர் சுற்றிய ஸ்பூலின் லேபிளில் ஈஆர்4043, ஈஆர்5356 என்று அச்சிட்டிருப்பார்கள். 4043 குறைந்த சூட்டில் உருகும் என்று பலர் சொல்வார்கள். இரண்டுமே ஏறத்தாழ 570 டிகிரியில் உருக ஆரம்பித்து 630-ஐ ஒட்டி முழுக்க உருகிவிடுகின்றன. 4043 தண்ணீர் மாதிரி பரவுவதற்குக் காரணம் சிலிக்கான் கொடுக்கும் ஓட்டம்தான். அதனால்தான் அதில் பீட், அதாவது உருகி உறைந்த வெல்டிங் வரி, பளபளப்பாக, ஓரம் தெரியாமல் படிந்து வருகிறது. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே பிடித்தும் போகிறது. 5356-இல் அதே பீட் கொஞ்சம் மங்கலாக, பக்கத்தில் கரி படிந்து வரும். கடைக்காரர் 4043-ஐ எடுத்து நீட்டுவதில் இதற்கும் பங்கு இருக்கும். வாங்கிப்போனவர் "கறுப்பா வருது" என்று திரும்பி வர மாட்டார் அல்லவா.

அலுமினியத்தில் ஒயர் தேர்வு இத்தனை முக்கியமாவது விரிசலால். இரும்பில் தப்பான ஒயர் போட்டாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் அப்படி விட்டுவிடாது. ஏணிக்கும் பிரேமுக்கும் வருகிற 6063, 6061 (இவை அலுமினியக் கலவைகளின் எண்கள்) செக்‌ஷன்களில் மெக்னீசியமும் சிலிக்கானும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கின்றன. உருகி உறையும்போது மிக எளிதில் வெடிக்கிற கலவை துல்லியமாக இதுதான். ஒயரே கொடுக்காமல் 6061-ஐ அப்படியே உருக்கி ஒட்டினால் பீட்டின் நடுவில் நீளவாக்கில் முடி மாதிரி ஒரு கோடு ஓடிவிடும். ஒயரில் இருக்கும் ஐந்து சதவீதச் சிலிக்கானோ மெக்னீசியமோ உள்ளே கலந்து, அந்த இடத்துக் கலவையை ஆபத்தான எல்லையைத் தாண்டித் தள்ளுகிறது. இதிலிருந்தே ஒன்று புரியும்: ஒயர் போதுமான அளவு உள்ளே போக வேண்டும். 6 மி.மீ. பட்டைகள் இரண்டை இடைவெளியே இல்லாமல் முட்டவைத்து மேலோட்டமாக ஒரு பீட் ஓட்டினால், உறைந்ததில் முக்கால்வாசி அசல் உலோகமாகவே இருக்கும். சரியான ஒயரைப் போட்டும் விரிசல் வரும். ஓரத்தை வி வடிவில் சாய்த்து எடுத்துவிட்டு அடியுங்கள். இந்தப் பத்தியில் சந்தேகத்துக்கு இடமே இல்லை; உலோகவியல் பாடத்தில் உள்ளதும் பட்டறையில் காண்பதும் ஒன்றேதான்.

அடுத்து, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது. 5083 மாதிரி மெக்னீசியம் 4 சதவீதத்துக்கு மேல் உள்ள பிளேட்டில் 4043 போடவே கூடாது. ஒயரின் சிலிக்கானும் பிளேட்டின் மெக்னீசியமும் சேர்ந்து மெக்னீசியம் சிலிசைடு ஏராளமாக உண்டாகி, ஜாயின்ட் கண்ணாடியாட்டம் உடையும். எல்லைக்கோடு ஏறத்தாழ 2.5 சதவீதம் மெக்னீசியம். பாடி வேலையில் அதிகம் புழங்கும் 5052 ஷீட் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது, 2.2 முதல் 2.8 வரை. அதனால் அட்டவணைகள் 5052-க்கு 4043-ஐ அடியோடு விலக்குவதில்லை, 5356-ஐ முன்னால் வைக்கின்றன. என் பழக்கம் இன்னும் கறாரானது: ஷீட்டின் எண் தெரியாவிட்டால் 5356. மெக்னீசியம் ஒயரைச் சாதா ஷீட்டில் போட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. சிலிக்கான் ஒயரை மெக்னீசியம் பிளேட்டில் போட்டால் லோடு ஏற்றிய பிறகுதான் தெரியும்.

இங்கேதான் உண்மையான சிக்கல் வருகிறது. கடையில் வெட்டிக் கொடுக்கும் துண்டுக்கும், ஸ்கிராப்பில் எடுத்த பிளேட்டுக்கும் எண் ஏது? போட்டோவைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. சில குறிப்புகள் உதவும். டையில் இழுத்த செக்‌ஷன், அதாவது ஜன்னல் சேனல், சதுரக் குழாய், ஆங்கிள் எல்லாம் நம் ஊரில் பெரும்பாலும் 6063. பழைய ஆட்கள் இதை எச்9 என்பார்கள். 6061-க்கு எச்20, 6082-க்கு எச்30 என்ற பழைய இந்தியப் பெயர்களும் இன்னும் பில்லில் வரும். சாதா ஷீட் என்றால் 1100, 3003, 5052 மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கையால் மடக்கினால் வளைந்து அப்படியே நிற்பது பெரும்பாலும் முதல் வகை; எதிர்த்துத் துள்ளினால் 5052 என்று கொள்ளலாம். மெல்லிய ஷீட்டுக்கு மட்டுமே இந்தக் கைக்கணக்கு பொருந்தும், அதுவும் உறுதியில்லை.

கொஞ்சம் நம்பகமான சோதனை காஸ்டிக் சோடா. ஓர் இடத்தை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, காஸ்டிக் சோடா கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். உடனே நுரைக்கும். சில நிமிடம் விட்டுத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். அந்த வட்டம் வெள்ளையாகவே இருந்தால் சுத்த அலுமினியம் அல்லது மாங்கனீசு, மெக்னீசியம் வகைகள், 6061, 6063 போன்ற 6000 வரிசையும் இதில் அடக்கம். இவை எல்லாவற்றையும் 5356 சமாளிக்கும். கறுத்தோ கருஞ்சாம்பலாகவோ போனால் தாமிரம், துத்தநாகம் அல்லது நிறையச் சிலிக்கான் இருக்கிறது. வார்ப்பு கறுத்தால் அது எதிர்பார்த்ததுதான், 4043 எடுக்கலாம். கனமான பிளேட் கறுத்தால் கையை எடுத்துவிடுங்கள். 2024, 7075 போன்ற விமான வகைகளாக இருக்கக்கூடும். உருக்கி ஒட்டினால் அவை வெடிக்கும், எந்த மிக் ஒயரும் காப்பாற்றாது. சோதனை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். காஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் யாரும் வெல்டிங் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பலத்துக்கு வருவோம். 5356 பலமான ஒயர் என்பது உண்மைதான், ஆனால் எந்த வகையில் என்று பார்க்க வேண்டும். பாடி வேலையில் முக்கால்வாசி மூலை ஜாயின்ட், அதாவது ஃபில்லெட். கட்டுமானக் கணக்குகளில் ஃபில்லெட்டின் நீளவாக்கு வெட்டுவலிமைக்கு 4043-க்கு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டும் 5356-க்கு 17,000 பவுண்டும் எடுப்பார்கள். ஒன்றரை மடங்கு. அதே பாரத்துக்கு 4043-இல் பீட்டைப் பெரிதாக வைக்க வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம். இரண்டு தகடுகளை முட்டவைத்து ஒட்டும் பட் ஜாயின்ட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே முதலில் பணிவது பீட் இல்லை, பக்கத்து உலோகம். 6061-டி6, அதாவது ஹீட் ட்ரீட்மென்ட்டில் பலம் ஏற்றிய 6061 பிளேட், வெல்டிங்குக்கு முன் ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல் தாங்கும். சூட்டில் அதன் பதம் போய்விடுவதால் ஜாயின்ட்டுக்குக் கணக்கில் எடுப்பது 165 மெகாபாஸ்கல்தான். பாதியை ஒட்டி வந்துவிட்டது, எந்த ஒயரும் அதைத் திருப்பித் தராது. ஏணியின் கால் நடுவில் ஜாயின்ட் வைத்துவிட்டு "5356 போட்டிருக்கேன், தாங்கும்" என்று சொல்லக் கூடாது. ஜாயின்ட்டைப் பாரம் குறைந்த இடத்துக்கு நகர்த்துவது ஒயரை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். பீட் ஓடிய பக்கமெல்லாம் ஓர் அங்குல அகலத்துக்கு உலோகம் இளகிவிட்டது என்றே எண்ணி வடிவமையுங்கள்.

5356-க்கு ஒரு பலவீனம் உண்டு. தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும் பொருளுக்கு அது ஆகாது. மெக்னீசியம் 3 சதவீதத்தைத் தாண்டிய கலவையில், அந்தச் சூட்டில் நாளாவட்டத்தில் மெக்னீசியம் நிறைந்த ஒரு சேர்மம் உலோகத்தின் படிக மணிகளின் ஓரத்தில் சேர்கிறது. பிறகு இழுவையும் ஈரமும் சேர்ந்தால் அங்கேயே அரித்து விரிசல் விடும். சைலன்சர் பக்கத்து மறைப்பு, ரேடியேட்டர் தொட்டி, சூடான எண்ணெய் கொண்டுபோகும் தொட்டி இவற்றுக்கு 4043 போடலாம், அடி உலோகம் 6000 வரிசையாக இருந்தால். சூட்டுக்கென்றே வரும் 5454 பிளேட்டாக இருந்தால் அதற்குரிய 5554 ஒயர். வெயிலில் நிற்கும் டூல் பாக்ஸ் இதில் சேருமா என்று கேட்பீர்கள். சித்திரை வெயிலில் தகடு தொட முடியாமல் சுடும்தான், ஆனால் தினமும் சில மணி நேரம்தான், ராத்திரி ஆறிவிடும். இதற்காக நான் ஒயரை மாற்றியதில்லை, மாற்றச் சொன்னதும் இல்லை. இது அட்டவணையில் உள்ள விதி அன்று, என் கணிப்பு.

வேலை முடிந்து அனோடைசிங் (மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றுவது) கொடுப்பதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 5356. 4043 பீட் அனோடைசிங்கில் கருஞ்சாம்பலாக மாறிக் கோடு போட்டதுபோல் தெரியும். பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே அனோடைஸ் செய்த செக்‌ஷனை அடிப்பதாக இருந்தால், அந்தப் படலம் மின்சாரம் கடத்தாது. ஜாயின்ட் இடத்திலும் எர்த் கிளாம்ப் மாட்டும் இடத்திலும் சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மற்ற ஒயர்களைப் பற்றி இரண்டு வரி போதும். படகு, கடல் வேலை, 5083 பிளேட்டில் கனமான கட்டுமானம் என்றால் 5183. கசிவு இருக்கவே கூடாத மெல்லிய வேலைக்கும் 12 சதவீதச் சிலிக்கான் உள்ள வார்ப்புக்கும் 4047. அடித்த பிறகு முழுப் பொருளையும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு 4643, 4943. உங்கள் பட்டறைக்கு இவை எதுவும் இப்போது வேண்டாம். கேஸே தேவையில்லாத அலுமினியம் மிக் ஒயர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். முன்னே சொன்ன ஏ5.10 தரநிர்ணயத்தில் இருப்பதெல்லாம் ஃப்ளக்ஸ் இல்லாத வெறும் ஒயர்தான், கேஸ் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

இப்போது ஒயரின் தடிமன். இரும்பில் மெல்லிய ஷீட்டுக்கு 0.8 மி.மீ. ஒயர் என்று பழகியிருப்பீர்கள். அதே கணக்கை அலுமினியத்துக்குக் கொண்டுவந்தால் தலைவலிதான். மூன்று மீட்டர் குழாய் வழியாக 0.8 அலுமினிய ஒயரைத் தள்ளுவது சேமியாவைத் தள்ளுவது மாதிரி. இழுத்தால் வரும், தள்ளினால் மடங்கும். ஒயர் தடிக்கத் தடிக்க விறைப்பு கூடும். மேற்பரப்பும் எடைக்கு ஒப்பாகக் குறையும், அதனால் அதில் ஒட்டிவரும் ஆக்சைடும் ஈரமும் குறையும். 5356, 4043-ஐவிட விறைப்பானது; நான் அதை முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 1.2-க்கு ஒரு விலை உண்டு. அலுமினியத்தில் ஒயர் தொட்டுத் தொட்டு உருகும் பாணி சரிப்படாது. சூடு பரவிவிடுவதால் பீட் மேலே குந்திக்கொண்டு கீழே பிடிக்காமல் போகும். துளித்துளியாகச் சீறிப் பாயும் ஸ்ப்ரே வேண்டும். 1.2 ஒயரில் ஆர்கானில் அது வருவதற்கு ஏறத்தாழ 135 ஆம்பியர் தேவை, 1.6-க்கு 180-ஐ ஒட்டி. தகட்டின் தடிமனில் மி.மீ.க்கு 40 ஆம்பியர் என்பது தோராயக் கணக்கு. அப்படியானால் 3 மி.மீ. பிளேட்டில் 1.2 ஒயரை ஓட்டலாம், கை வேகமாக நகர வேண்டும். அதைவிட மெல்லிய தகடானால் உருகிப் பொத்துக்கொள்ளும். 2 மி.மீ. ஷீட்டில் டூல் பாக்ஸ் செய்வதானால் 1.0 ஒயர் முயலலாம், பல்ஸ் (மின்சாரத்தை ஏற்றி இறக்கித் துடிப்பாகத் தரும் வசதி) உள்ள மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூலைகளை ஆர்கான் வெல்டிங்குக்கு, அதாவது டிக்குக்கு விட்டுவிடுங்கள். இந்த இடத்தில் மிக்கைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. 4043-இலிருந்து 5356-க்கு மாறும்போது அதே ஆம்பியருக்கு ஒயர் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். பழைய செட்டிங்கில் அடித்துவிட்டு ஒயரைக் குறை சொல்ல வேண்டாம்.

சுருண்டுகொள்வதைப் பார்ப்போம், இதற்குத் தீர்வு கிட்டத்தட்ட நிச்சயம் உண்டு. இரும்புக்கு வந்த மெஷினில் வி பள்ளம் உள்ள ரோலர் இருக்கும், சிலவற்றில் பல் வெட்டியிருக்கும். அது அலுமினியத்தை நசுக்கிச் சீவிவிடும். சீவல், ஒயர் ஓடும் உள்குழாயான லைனருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் பின்னால் வரும் ஒயர் ரோலருக்கும் குழாய் வாய்க்கும் நடுவே குருவிக்கூடு கட்டும். யு பள்ளம் உள்ள ரோலர் வாங்குங்கள், ஒயர் அளவுக்குச் சரியாக. ஸ்டீல் சுருள் லைனரைக் கழற்றிவிட்டு டெஃப்லான் அல்லது நைலான் லைனர் போடுங்கள். இரும்பு ஓட்டிய லைனரில் இரும்புத் தூள் இருக்கும் என்பதால் அலுமினியத்துக்கென்று தனியாக ஒரு கன் வைத்துக்கொள்வதே நல்லது. மூன்று மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். கன்னின் முனையில் ஒயர் வெளிவரும் டிப்பும் தனி. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், இரும்பு ஒயருக்கான 1.2 டிப்பில் 1.2 அலுமினிய ஒயர் இறுகி, ஒயர் டிப்போடு உருகி ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்துக்கென்று விற்பதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஓர் அளவு பெரிய டிப்.

ரோலர் அழுத்தம் பார்க்க எளிய வழி ஒன்று. ரோலரை நன்றாகத் தளர்த்திவிட்டு, எர்த் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு, கன் குழாயை நேராக நீட்டிவைத்து, வாயை ஒரு மரக்கட்டைக்கு நேராகச் சாய்வாகப் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். ஒயர் கட்டையில் முட்டியதும் ரோலர் வழுக்க வேண்டும். வழுக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் தளர்த்த வேண்டும். வழுக்கும் நிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒயர் மடங்கிச் சுருண்டு வெளியே வர ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். அலுமினியத்துக்கு அவ்வளவு போதும். ஸ்பூல் பிரேக்கையும் தளர்த்துங்கள். ட்ரிகரை விட்டதும் ஸ்பூல் தானாகச் சுற்றாமல் நின்றால் சரி. அலுமினியம் வேலை அதிகமாக வரும் என்றால், சின்ன ஸ்பூலைக் கன்னிலேயே மாட்டும் ஸ்பூல் கன் வாங்கலாம். அரைக் கிலோ ஸ்பூலின் ஒயர், கிலோ கணக்கில் பார்த்தால் 7 கிலோ ஸ்பூலைவிட விலை கூடுதல், ஆனால் 0.8, 1.0 ஒயர்களுக்கு அதுதான் நிம்மதி.

கேஸில் சமரசம் கிடையாது. சுத்த ஆர்கான். சிஓடூவும் வேண்டாம், இரும்புக்கு வரும் ஆர்கான் மிக்ஸும் வேண்டாம். 1948-இல் இந்த மிக் முறையை அமெரிக்காவில் உருவாக்கியபோது அலுமினியத்தை மனதில் வைத்துத்தான் உருவாக்கினார்கள். சிஓடூ 1950-களில்தான் இரும்புக்காக உள்ளே வந்தது. நம் பட்டறைகளில் வரிசை தலைகீழாகிவிட்டதால் எல்லா மெஷினும் சிஓடூ மெஷினாகிவிட்டது. சிஓடூ ரெகுலேட்டரை ஆர்கான் சிலிண்டரில் எதையாவது மாட்டிப் பொருத்தப் பார்க்காதீர்கள். நிறைந்த ஆர்கான் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருக்கும், சிஓடூவில் அதைவிட மிகக் குறைவு. ஃப்ளோமீட்டர் அளவும் கேஸுக்குக் கேஸ் மாறும். நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வையுங்கள். 7 கன மீட்டர் சிலிண்டர் 15 லிட்டர் வீதத்தில் ஏழேமுக்கால் மணி நேரம் வரும். கூலி பேசும்போது இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டைக்குக் காரணம் ஹைட்ரஜன். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறைந்த அலுமினியத்தில் அதில் இருபதில் ஒரு பங்குதான் தங்க முடியும். உறையும்போது மீதி குமிழாகி அங்கேயே சிறைப்படுகிறது. ஹைட்ரஜன் வரும் வழிகள்: எண்ணெய், கிரீஸ், பெயின்ட், ஈரம், ஈரம் உறிஞ்சிய ஆக்சைடு, கேஸ் குழாயில் கசிவு. முதலில் அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள், அது காய்ந்த பிறகு, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள். வரிசையை மாற்றினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த திரவங்களை இதற்குத் தொடவே கூடாது, ஆர்க் பட்டால் விஷவாயு உண்டாகும். ஒயரையும் சந்தேகப்படுங்கள். ஐப்பசி மழையில் இரவெல்லாம் திறந்த ஃபீடரில் கிடந்த ஸ்பூல் காலையில் நல்ல பீட் தராது. வேலை முடிந்ததும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள். வாங்கும்போது உறை பிரியாமல் இருக்கிறதா, லேபிளில் வகையும் பேட்ச் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒயரின் முனையை வெள்ளைத் துணியால் பிடித்து ஒரு முழம் இழுங்கள். துணியில் திட்டாகக் கறுப்பு படிந்தால் அது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பீட்டின் பக்கத்தில் வரும் கறுப்பையும் ஓட்டையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 5356-இல் மெக்னீசியம் ஆவியாகிப் படிவதால் கரி வரும். சூடு ஆறும் முன் துணியால் துடைத்தால் போய்விடும். பீட்டை ஒட்டி இருபுறமும் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்து, அதற்கு வெளியே கறுப்பு இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. பீட்டே கறுத்து, சொரசொரப்பாக இருந்தால் கேஸ் போதவில்லை, அல்லது கன்னை இழுத்து அடிக்கிறீர்கள். அலுமினியத்தில் எப்போதும் தள்ளித்தான் அடிக்க வேண்டும், கன் பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்திருக்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகு, வாடிக்கையாளர் வேலையில் கைவைக்கும் முன் ஒரு சோதனை. அதே தடிமனில் இரண்டு துண்டுகளை டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் நான்கு அங்குல நீளம் அடியுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, பீட் உள்ள பக்கத்தை நோக்கி நிற்கிற தகட்டைச் சுத்தியலால் சாய்த்து உடையுங்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று உருண்டையான குழிகள் இருந்தால் ஹைட்ரஜன், சுத்தம் போதவில்லை. அடியில் ரம்பம் போட்ட கோடுகள் அப்படியே தெரிந்தால் அந்த ஓரம் உருகவே இல்லை, ஆம்பியர் போதவில்லை. ஆரம்பித்த முதல் ஓர் அங்குலத்தில் மட்டும் அப்படி இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. தகடு குளிர்ந்திருக்கும்போது அப்படித்தான், ஜாயின்ட்டுக்கு வெளியே ஒரு துண்டில் ஆரம்பித்து உள்ளே வரலாம். முடித்த இடத்தில் நட்சத்திரம் மாதிரி விரிசல் இருந்தால் குழியை நிரப்பாமல் கையை எடுத்திருக்கிறீர்கள். கடைசியில் கொஞ்சம் பின்னால் திரும்பி நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்.

கியர் பாக்ஸ் மூடியைப் பொறுத்தவரை வாக்குறுதி கொடுக்காதீர்கள். எல்எம்25 போன்ற வார்ப்பில் ஏழு சதவீதச் சிலிக்கான் இருக்கிறது, 4043 அதோடு நன்றாகச் சேரும். நீங்கள் வாங்கிவிட்ட ஸ்பூல் இதற்கு உதவும். சிக்கல் உலோகத்தில் இல்லை, அது குடித்திருக்கும் எண்ணெயில். விரிசலை வி வெட்டி, கொஞ்சம் சூடாக்கினால் எண்ணெய் கசிந்து வரும், துடைத்து, மறுபடி சூடாக்கித் துடைக்க வேண்டும். அழுத்தத்தில் ஊற்றிய டை காஸ்டிங்காக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று ஆர்க் பட்டதும் கொதித்து வரும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீராது. அது எந்த வகை என்று ஒரு மூலையில் ஒரு புள்ளி அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வார்ப்புக்கு டிக்தான் வசதி, மிக் இரண்டாம்பட்சம்.

அழுத்தம் தாங்கும் தொட்டி, டீசல் டேங்க், ஆள் தொங்கும் மேடை ஆகியவற்றுக்கு இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒயர் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவற்றுக்கு எழுதி அங்கீகரித்த வெல்டிங் நடைமுறையும், தேர்வு எழுதித் தேறிய வெல்டரும், அடித்த பிறகு சோதனையும் வேண்டும். அலாய் வீலை யாராவது கொண்டுவந்து "ஒரு பீட் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அது ஹீட் ட்ரீட்மென்ட்டில் பலம் பெற்ற வார்ப்பு; பீட் எவ்வளவு அழகாக வந்தாலும் அதைச் சுற்றி அந்தப் பலம் போய்விட்டிருக்கும், வண்டி ஓடும்போதுதான் அது தெரியவரும்.